வாரேன் என்று சொன்னவர்கள்

1

இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த வாரத்தில் என் மேல் ஒரு புகார் வந்தது.

கனடாவில், டொராண்டோவுக்கு வடக்கே ஒரு சின்ன நகரத்தில் நான் பிளம்பர். ஊர்ப் பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு விளங்காது. எனக்கே முதல் வருஷம் அது வாயில் நுழையவில்லை. புகார் கொடுத்தவர் தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டிருந்தார். நான் போய் வாஷரை மாற்றி, ஒழுகலை நிறுத்தி, தரையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை என்று புகாரிலேயே அவர் சொல்லியிருக்கிறார். குறையெல்லாம் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு நான் சொன்ன வார்த்தையில்.

"ஓகே, ஐ வில் கம்."

நம் ஊரில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாய் தானாகச் சொல்லும் 'வாரேன்' இங்கிலீஷ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மறுநாள் முழுவதும் அவர் எனக்காகக் காத்திருந்தாராம். முழங்கால் வைத்தியத்துக்குப் போக வேண்டியதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாராம்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எங்கள் பக்கத்தில் போகும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டோம், வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"போகும்போது வருகிறேன் என்று சொல்வீர்கள். சரி. வரும்போது என்ன சொல்வீர்கள்?"

"வரும்போது ஒன்றும் சொல்ல மாட்டோம். வந்துவிடுவோம்."

அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். போன் செய்தேன். நான் இழுத்து இழுத்துச் சொன்ன விளக்கத்தை முழுவதும் கேட்டார். பிறகு, "நீ வருவேன் என்று சொன்னாய். நான் நம்பினேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காரணம் அந்த அம்மாள் மட்டும் இல்லை. அதே வார்த்தையை ஊரில் ஒரு கூட்டம் பெண்களிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

2

என் மகள் ஷெரினிடம் புகார்க் கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பதினாறு வயது. "அம்மா, 'பை' என்று ஒரு வார்த்தை இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொன்னாள். எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். குழம்பு, ரசம், பொரியல் ஆகிய மூன்றும்தான் இருவருக்கும் பொதுவான சொற்கள்.

சிரிக்க அவளுக்கு ஒரு யோக்கியதையும் இல்லை. போன ஈஸ்டருக்கு ராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணனோடு போனில் பேசினாள். மாமாவிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று மிரட்டியிருந்தேன். தட்டுத் தடுமாறிப் பேசினாள். முடிக்கும்போது, "சரி, நான் போறேன் மாமா" என்றாள். அம்மாவிடம் போனைக் கொடு என்று அண்ணன் கத்துவது எனக்கே கேட்டது. போனை நான் வாங்கினேன்.

"ஏட்டி கிரேசு, பிள்ள என்னட்டி போறேன்னு சொல்லுதா? எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"பை சொல்லுதாண்ணே. இங்கிலீசுல இருந்து அப்படியே தூக்கிப் போட்டுட்டா."

"என்னத்தையும் தூக்கிப் போடட்டும். அந்த ஒரு வார்த்தைய மட்டும் போட வேண்டாம்னு சொல்லு."

அம்மாக்காரி போகிற இடத்தில் எல்லாம் வருகிறேன் என்கிறாள். எப்போது வருவாள் என்று ஏங்குகிற மாமனிடம் மகள் போகிறேன் என்கிறாள். எங்கள் குடும்பத்தின் நிலவரம் இதுதான்.

3

நான் பிளம்பர் ஆன கதையைச் சொன்னால் ஊரில் பலர் இன்னும் நம்புவதில்லை. அப்பா ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் பைப் கடை வைத்திருந்தார். இப்போது அண்ணன் வைத்திருக்கிறான். எல்போ, டீ, கேட் வால்வு என்று எல்லாப் பெயரும் எனக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரியும். ஆனால் ஒரு பைப்பைத் தொட்டது கிடையாது. பெண்பிள்ளை கல்லாவில் உட்காரலாம், பைப்பைத் தூக்கக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம். பி.காம். முடித்து ஒரு நூற்பாலை ஆபீசில் கணக்கு எழுதினேன். கல்யாணமாகி, ஷெரினுக்கு ஆறு வயதானபோது இங்கே வந்தேன். இங்கே என் பி.காமை யாரும் சீந்தவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து பெயரில் நடந்தது. ஞா. கிரேஸ் என்பதை எந்த அலுவலகமும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஓர் எழுத்தெல்லாம் பெயராகாது, குடும்பப் பெயர் வேண்டும் என்றார்கள். ஞா என்றால் ஞானமுத்து, அது அப்பா பெயர் என்று சொன்னேன். உடனே ஞானமுத்துவை எனக்குக் குடும்பப் பெயராக ஏற்றிவிட்டார்கள். பைப்பைத் தொடாதே என்ற மனிதரின் பெயர்தான் இன்றைக்கு என் வேலைச் சட்டையின் நெஞ்சில் நூலால் தைத்திருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஞானமுத்துதான் ஒழுகலை நிறுத்துகிறார்.

வேலை தேடி அலைந்த நாட்களில் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு இலவசப் பயிற்சி நடந்தது. புதிதாக வந்தவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு மாலை பைப் வேலை. மூன்றாவது மாலை நகரசபைக் கூட்டத்துக்குக் கூட்டிப் போய் உட்கார வைப்பார்கள். எங்கள் பயிற்சியாளர் மனுவேல் போர்ச்சுக்கல்காரர். நகரசபையில் எழுந்து நின்று ஒரு கேள்வியாவது கேட்காதவர்களுக்குப் பயிற்சி முடிந்ததாகச் சொல்ல மாட்டார்.

பைப் மாட்ட வந்தவளை எதற்குக் கூட்டத்தில் உட்கார வைக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. என் முறை வந்தபோது எங்கள் பஸ் நிறுத்தத்தில் விளக்கு இல்லை என்று சொன்னேன்.  "நாங்கள் பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. நன்றி சொல்லி உட்கார்ந்தேன். எனக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும். ராஜபாளையத்தில் அதற்கு 'பாக்கலாம்' என்று பெயர். நடக்காது என்று அர்த்தம்.

மனுவேல் விடவில்லை. "யார் பார்ப்பார்? எந்தத் தேதிக்குள்? போய்க் கேள்" என்று மறுபடியும் எழுப்பிவிட்டார். கேட்டேன். தேதி சொன்னார்கள். அந்தத் தேதிக்குச் சில நாள் கழித்து விளக்கும் வந்தது. அன்று பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஊரில் இருந்தவரை நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

4

போன மார்கழியில் ஒன்றரை மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். சும்மா இருக்க முடியவில்லை. பாதி நாள் அண்ணன் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பைப்பைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"யாவாரத்தக் கெடுக்காதட்டி. படிச்சத நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கணும்னா ஒரு எடத்தப் பாத்துச் சொல்லிக் குடு."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பேரூராட்சி. எதுவென்று எழுத மாட்டேன், அங்கேயும் அண்ணன் பைப் விற்க வேண்டும். அந்த ஊரில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு ஒரு ஹால் உண்டு. போதகர் சாவியைத் தந்தார். ஒரு பக்கம் அசனம் என்னும் சபை விருந்துக்கு வைத்திருக்கும் அண்டாக்கள், இன்னொரு பக்கம் எங்கள் பைப்புகள். ஞாயிறு ஆராதனையில் அறிவித்ததைக் கேட்டு வந்தவர்களைவிட, அவர்கள் சொல்லக் கேட்டு வந்த பக்கத்துத் தெருக்காரர்கள்தான் அதிகம். எல்லாம் பெண்கள். பத்துப் பன்னிரண்டு பேர் நிலைத்தார்கள்.

அதில் ஒருத்தி செல்லத்தாய். முப்பதுகளில் இருப்பாள். சேத்தூரில் பிறந்து இந்த ஊரில் வாக்கப்பட்டவள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தவள். தறிச் சத்தத்திலேயே கிடந்ததால் சாதாரணமாகப் பேசுவதே சண்டை மாதிரி இருக்கும். பைப்பை அறுத்து, பசை தடவி, திருகிச் சேர்ப்பதை எல்லாரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வாரமே தறி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். எனக்குப் பகீரென்றது.

"ஏட்டி, அவசரப்பட்டுட்டியே. வீட்டுல என்ன சொன்னாக?"

"ஆனி மாசம் வரைக்கும் பாரு, சரிப்பட்டு வரலேன்னா தறிக்கே திரும்பிருன்னு அவிய சொல்லிட்டாகக்கா. மொதலாளியும் அதுவரைக்கும் எடம் வச்சிருக்கேன்னுட்டாரு."

அவிய என்றது அவள் வீட்டுக்காரரை. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வேலை தெரிந்தால் மட்டும் போதாது, வீடுகளுக்குக் குடிநீர் இணைப்புக் கொடுக்கப் பேரூராட்சியின் லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவள் லைசென்ஸ் வைத்திருக்கும் யாராவது ஒரு அண்ணாச்சிக்குக் கையாளாகத்தான் போக முடியும். பெண் கையாளைக் கூட்டிப்போக எந்த அண்ணாச்சியும் தயாராக இல்லை. ஆகவே ஆனிக்குள் லைசென்ஸ், இல்லையென்றால் தறி. செல்லத்தாய்க்கு மூன்றாவது வழி கிடையாது.

மனுவேலிடம் கற்றதை நான் அப்படியே இறக்கினேன். பாதி நாள் பைப் வகுப்பு, பாதி நாள் 'கேட்கிற வகுப்பு'. எழுந்து நிற்பது, பெயரும் தெருவும் சொல்வது, கேட்பதை மூன்று வரியில் கேட்பது. நான் அதிகாரியாக உட்கார்ந்துகொள்வேன், ஒவ்வொருத்தியாக வந்து கேட்க வேண்டும்.

"நான் பாக்கலாம்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"இல்லைன்னு அர்த்தம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்ப என்ன கேக்கணும்?"

"யாரு பாப்பாக, எந்தத் தேதிக்குள்ளன்னு கேக்கணும்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கனடாவை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டதாக நினைத்தேன்.

5

நான் திரும்புவதற்கு முந்தைய நாள், பேரூராட்சிக்காரர்கள் மக்களிடம் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். கவுன்சிலர், பேரூராட்சிச் செயல் அலுவலர், நாற்காலிகள், டீ. நாங்கள் எல்லாரும் போய் நடுவில் உட்கார்ந்தோம். தெருவிளக்கு, வாய்க்கால், நாய்த்தொல்லை எல்லாம் பேசி முடித்த பிறகு செல்லத்தாய் எழுந்தாள்.

"சார், நான் செல்லத்தாயி, பள்ளிக்கூடத் தெரு. நாங்க பைப்பு வேலை படிச்சு முடிச்சிருக்கோம். வீட்டுக் கனெக்‌ஷன் குடுக்கிற வேலைய எங்க பேருல செய்யணும். லைசென்ஸ் வேணும்."

மூன்று வரி. தறிக் குரல் என்பதால் மைக் தேவைப்படவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு ஆண், "பொம்பள மாட்டுன பைப்புல தண்ணி வருமா?" என்றார். எங்கள் கூட்டத்தில் மூத்தவளான பாக்கியம் மதினி திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆம்பள மாட்டுன பைப்புல மட்டும் தினம் வருதாக்கும்?" என்றாள். பந்தலே சிரித்தது. செயல் அலுவலரும் சிரித்தார். பிறகு சொன்னார்.

"பாக்கலாம்மா."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதற்குத்தானே அத்தனை நாள் பழக்கினேன். யார், எந்தத் தேதி. கேள், கேள் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.  செல்லத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரி சார். அப்ப வாரோம்."

எல்லாரும் எழுந்து அவள் பின்னாலேயே வெளியே போய்விட்டார்கள். தெருமுனை தாண்டியதும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"என்னட்டி இது? எம்புட்டு நாள் சொல்லிக் குடுத்தேன். தேதி கேக்க வேண்டியதுதான?"

"நாலு பேரு முன்னால அப்படிக் கேட்டா அவரு மூஞ்சி சுருங்கிரும்க்கா. சண்டைக்கு வந்த மாதிரி ஆயிரும். பொறவு நல்லது செய்யணும்னு நெனைச்சாக்கூட செய்ய மாட்டாரு."

"அதுக்காக விட்டுட்டு வந்துருவியா?"

"யாரு விட்டா? வாரோம்னு சொல்லியிருக்கோம்லா. நாளைக்குப் போகணும்."

எனக்குப் புரியவில்லை. கோபத்தில் புரிந்துகொள்ளவும் முயலவில்லை. மறுநாள் காலை மதுரை விமான நிலையத்துக்கு அண்ணன் காரில் கூட்டிப் போனான். வழியில் பேரூராட்சி அலுவலகத்தைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னேன். வாசல் வேப்பமரத்தடியில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், சாப்பாட்டுத் தூக்குகளோடு. செயல் அலுவலர் அப்போதுதான் ஜீப்பை விட்டு இறங்கினார்.

"என்னம்மா, என்ன விஷயம்?"

"நேத்து வாரோம்னு சொன்னோம்லா சார். வந்திருக்கோம்" என்றாள் செல்லத்தாய். குரலில் ஒரு துளி சண்டை இல்லை. விருந்துக்கு வந்தவள் மாதிரி சொன்னாள்.

கார் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நானும் கத்தினேன். "வாரேன்ட்டி." செல்லத்தாய் கையசைத்து, "வாங்கக்கா" என்றாள். அந்த அவசரத்தில் அது எனக்குச் சும்மா ஒரு வார்த்தையாகத்தான் இருந்தது.

6

இங்கே வந்து பனியைத் தள்ளி வேனைக் கிளப்பும் நேரம் ஊரில் சாயங்காலம். அந்த நேரத்துக்குச் செல்லத்தாயின் குரல்பதிவு வந்துவிடும். "போயிட்டு வந்துட்டோம்க்கா." அவ்வளவுதான். எல்லாரும் தினமும் போகவில்லை. ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு மாமியார் தடை. ஆனால் யாராவது இரண்டு பேராவது வேப்பமரத்தடியில் இருப்பார்கள். சாயங்காலம் உள்ளே எட்டிப் பார்த்து, "வாரோம் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். மறுநாள் வருவார்கள்.

நான் இங்கே நிலைகொள்ளாமல் தவித்தேன். யார் வீட்டுத் தொட்டிக்கடியிலோ மல்லாக்கப் படுத்துக்கொண்டு மனசு முழுக்க வேப்பமரத்தடியில். கலெக்டருக்கு மனு எழுதுங்கள், பத்திரிகைக்காரரைக் கூப்பிடுங்கள், இப்படிச் செய்யுங்கள், அப்படிக் கேளுங்கள் என்று வேனில் உட்கார்ந்து யோசனைகளாக அனுப்பினேன். ஒருநாள் பதில் வந்தது.

"அக்கா, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க."

வைகாசி பிறந்தது.  இன்னும் இரண்டு மாதம் போனால் செல்லத்தாய் தறிக்குப் போய்விடுவாள். அவளைக் கிளப்பிவிட்டு நான் விமானம் ஏறிவிட்டேன் என்று ஊர் பேசும், பேசினால் அதில் தப்பும் இல்லை.

அந்த நேரத்தில்தான் பேரூராட்சி அலுவலகக் கழுவுதொட்டிக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மாள் வெளியே வந்து, "நீங்கதான் பைப்பு வேலை தெரிஞ்சவங்களாச்சே, செத்த வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். செல்லத்தாய் எழுந்திருக்கவில்லை.

"லைசென்ஸ் இல்லாம ஆபீசுக் குழாயில கை வச்சா தப்பாயிரும் மேடம். எங்களுக்கெதுக்கு வம்பு?"

உள்ளே செயல் அலுவலருக்கு அது கேட்டிருக்கிறது. சிரித்துவிட்டாராம். அன்றைக்கே லைசென்ஸ் கோப்பை எடுத்து மேலே அனுப்பினார் என்பது பாக்கியம் மதினியின் கட்சி. தினமும் வேப்பமரத்தைத் தாண்டி ஜீப்பில் ஏறி அவர் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தார் என்பது செல்லத்தாயின் கட்சி. எப்படியோ, மன்றத்தில் தீர்மானம் வந்தது. பொறியாளர் ஒருவர் வந்து செய்முறைத் தேர்வு வைத்தார். எல்லாரும் தேறவில்லை. பாக்கியம் மதினி அளவெடுப்பதில் கோட்டை விட்டாள், அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். செல்லத்தாய் தேறினாள். ஆனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது லைசென்ஸ் கைக்கு வந்தது.

முதல் வேலையாக அந்த ஆபீசுக் குழாயைத்தான் சரி செய்தாளாம். முடித்துவிட்டு அலுவலர் அறையை எட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில், "வாரேன் சார்" என்றிருக்கிறாள். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"எதுக்கும்மா? அதான் லைசென்ஸ் குடுத்தாச்சே."

இதைச் செல்லத்தாய் போனில் சொன்னபோது வேனைச் சாலையோரம் நிறுத்திவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று தோன்றியது. அதையும் நான் செய்யவில்லை என்பதும் கூடவே தோன்றியது.

7

புகார் வந்த வாரத்துக்கே திரும்புகிறேன். சனிக்கிழமை காலை. ஷெரின் சாப்பாட்டு மேசையில் இருந்தாள். போன் அடித்தது. செல்லத்தாய்.

"அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல புதுசா ஒரு வகுப்பு ஆரம்பிக்கோம். தேரடிக்கு அங்கிட்டு ஒரு மண்டபம் குடுத்திருக்காக. சுந்தரபாண்டியத்துல இருந்தெல்லாம் பஸ்ஸேறி வாரேங்காக."

"நல்லதுட்டி. யாரு சொல்லிக் குடுக்கா?"

"பைப்பு வகுப்ப நான் பாத்துக்கிடுதேன். கேக்குற வகுப்புக்கு நீங்க வரணும்."

"நானா? நான் சொல்லிக் குடுத்த மாதிரி நீங்க யாருமே கேக்கலையே."

"நீங்க சொல்லிக் குடுக்கலேன்னா நாங்க கேட்டே இருக்க மாட்டோம்லா. எழுந்து நிக்கவே எனக்கு நீங்கதானக்கா பழக்குனீக."

நான் காரணங்களை அடுக்கினேன். ஷெரினுக்குப் பள்ளிக் கடைசி வருஷம். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. எனக்கு இப்போதுதான் ஒரு புகார் வந்திருக்கிறது, இந்த நேரத்தில் விடுப்பு கேட்டால் மேலாளர் என்ன நினைப்பார். ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" கொட்டினாள். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வாரேன்னு சொல்லிட்டுத்தானக்கா போனீக" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினாள்.

"பாக்கலாம்ட்டி" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.   மேசையில் ஷெரின் தலையை நிமிர்த்தினாள்.

"அப்படியென்றால் இல்லை என்று அர்த்தம்" என்று இங்கிலீஷில் சொன்னாள். "நாய்க்குட்டி வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் நீங்கள் இதைத்தான் சொன்னீர்கள்."

இவளுக்குத் தமிழ் வராது என்று நான் பத்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போனில் செல்லத்தாயின் குரல் வந்தது. அதே விருந்தாளிக் குரல். ஒரு துளி சண்டை இல்லை.

"சரிக்கா. அப்ப வாரேன்."

வைத்துவிட்டாள். 

ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அழைத்தாள். சௌகரியமா என்று விசாரித்தாள், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் மின்விசிறி மாட்டிய கதையைச் சொன்னாள், வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிக்கும்போது "வாரேன்க்கா" என்றாள். திங்கட்கிழமையும் அழைத்தாள். செவ்வாய்க்கிழமை பாக்கியம் மதினி அழைத்தாள். அவளும் வாரேன் என்றுதான் வைத்தாள். அந்தச் செயல் அலுவலர் ஜீப்பை விட்டு இறங்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

நேற்று வேலை முடிந்ததும் அந்த வயதான அம்மாள் வீட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, எந்தக் குழாயும் ஒழுகவில்லை. கதவைத் திறந்தவர் என் சட்டையில் இருந்த ஞானமுத்துவைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வருவேன் என்று சொன்னேன், கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றேன். உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் கதவையும் உடனே சாத்தவில்லை. குழாய் இப்போது ஒழுகவில்லை என்று சொன்னார். கிளம்பும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு படியிறங்கினேன்.

இன்று புதன்கிழமை. வேன் வாசலில் நிற்கிறது. மேலாளரிடம் விடுப்பைப் பற்றி இன்னும் பேசவில்லை. ஷெரின் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேசையில் போன் அடிக்கிறது. ஷெரின் எட்டிப் பார்த்துவிட்டு எடுத்து என் முன்னால் நீட்டுகிறாள்.

"அம்மா," என்கிறாள், பத்து வருஷத்தில் என்னிடம் பேசாத தமிழில். "வந்துட்டாங்க."